நாயைச் சுகம் விசாரித்த குரல்

மூன்று வருடங்களுக்கு முன்னர், கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதத்தில் இது நடந்தது. மாங்குளம் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேட், அடையாள அட்டைக்குப் படம், இணையத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பங்கள் எல்லாம் செய்து கொடுப்பேன். கொம்பியூட்டர் தெரிந்த ஆள் என்று ஊரில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் அலுமாரிக்குள் ஒரு பிளாஸ்டிக் கோவை இருக்கும். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போன பிள்ளையின் படம், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம், முறைப்பாட்டின் பிரதி, கடைசியாக எங்கே யார் கண்டார்கள் என்று எழுதிய தாள் எல்லாம் அதற்குள் இருக்கும். விசாரணை என்று யார் வந்தாலும், படிவம் என்று எது வந்தாலும் அந்தக் கோவையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார்கள். கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் தங்கள் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்ட எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்தே அவர்களுக்குப் பழகிவிட்டது. எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே எனக்கும் பழகிவிட்டது.

அப்படி வருகிறவர்களில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அக்கராயனில் வயல் செய்து வாழ்ந்த குடும்பம், இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்து அப்படியே தங்கிவிட்டது. கணவர் இறந்துவிட்டார். முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு மகளோடு இருந்தார். மகன் காணாமல் போனபோது அவனுக்குப் பதினேழு வயது.

ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் கோவை, மற்றக் கையில் கைத்தொலைபேசி.

“தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. எங்கட வட்ஸ்அப் குறூப்பில வந்தது. வெளிநாட்டுக்காரர் பட்டியல் விட்டிருக்கினமாம்.”

தட்டினால் திறக்கும் ஓர் இணைப்பு அது. திறந்தேன். வெள்ளைப் பக்கம், மேலே நீலப் பட்டி, உலகப் படம் போட்ட ஒரு சின்னம். கேள்விப்பட்ட மாதிரியான ஓர் அமைப்பின் பெயர். தடுப்புக்காவலில் இருப்பவர்களின் பட்டியல் கிடைத்திருப்பதாகவும், உறவினரின் விபரங்களைப் பதிந்தால் ஒப்பிட்டுப் பார்த்து அறிவிப்பதாகவும் நல்ல தமிழில் எழுதியிருந்தது. அரசாங்கப் படிவங்களில்கூட நான் அவ்வளவு பிழையில்லாத தமிழைக் கண்டதில்லை.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் எனக்கு வந்தது வேறு சந்தேகம். இப்படிப்பட்ட பக்கங்களை யார் திறக்கிறார்கள் என்று யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்றுதான் யோசித்தேன். எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் இரத்தத்தில் ஊறியது. அதற்கு என்னிடம் மருந்தும் இருந்தது. கொம்பியூட்டரில் பார்த்தவற்றின் தடயத்தை வைத்திருக்காத தனிப்பட்ட சாளரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதை மாற்றிக் காட்டும் செயலியையும் போட்டேன். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

“பயப்பிடாதேங்கோ அக்கா. இப்ப நாங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது,” என்றேன். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

சொல்லிவிட்டு, அடுத்த முக்கால் மணித்தியாலமும் அவர்கள் யார் என்பதை ஒன்றுவிடாமல் நானே தட்டச்சுச் செய்தேன். முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், அடையாள அட்டை இலக்கம், படித்த பள்ளிக்கூடம், சைக்கிள் கரியரில் இருந்து விழுந்து இடது புருவத்தில் வந்த தழும்பு, தங்கச்சியின் பெயர், அவள் எங்கே வேலை செய்கிறாள், அம்மாவின் தொலைபேசி இலக்கம். படத்தையும் ஸ்கான் பண்ணி ஏற்றினேன். பெயரை மறைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையின் சாதகத்தையே கொடுத்துவிட்டு வந்த கதை அது. அன்றைக்கு அது என் புத்திக்கு எட்டவில்லை.

கடைசியில் ஒரு பாதுகாப்புக் கேள்வி இருந்தது. சிறு வயதில் வீட்டில் வளர்த்த செல்லப் பிராணியின் பெயர்.

“எங்களிட்ட ரெண்டு மாடு நிண்டது தம்பி. அதுகளுக்கென்ன பேர்? சிவப்பி, வெள்ளை எண்டுறதுதான்,” என்றார் அக்கா.

கடையில் இன்னும் நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை. என் மகள் வளர்க்கும் நாய்க்குட்டிக்கு பிஸ்கட் என்று பெயர். அதையே போட்டு அனுப்பிவிட்டேன். “பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்று பச்சை எழுத்தில் வந்தது. அக்கா திரையைக் கும்பிட்டார்.

அவர் போய்ச் சொல்ல, அந்தக் கிழமைக்குள் இன்னும் எட்டுக் குடும்பங்கள் வந்தன. எட்டையும் அதே மாதிரி, அதே கவனத்தோடு அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து அக்கா ஓடிவந்தார். ஓடிவந்தார் என்றால் உண்மையாகவே ஓடிவந்தார், சைக்கிளை வாசலில் விழுத்திவிட்டு. கதிரையில் இருக்கவும் இல்லை. தொலைபேசியை என் காதுக்குக் கிட்டப் பிடித்தார். வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு. மெல்லிய ஆண் குரல். கரகரத்தது. பின்னால் ஏதோ இரைச்சல். செல்லப் பெயரைச் சொல்லி, நான்தான் அம்மா என்றது. புருவத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது என்றது. தங்கச்சி படிப்பிக்கிறாளாம், கேள்விப்பட்டேன் என்றது. ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்றது.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடையில் ஆட்கள் நிற்க நின்று அழுதேன். அந்தக் குரல் சொன்ன ஒவ்வொன்றும் என் விரல்கள் தட்டியவை என்பது எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், நான் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

ஒருவருக்கும் சொல்லாதே என்றால் எந்தத் தாயால் சொல்லாமல் இருக்க முடியும்? அக்கா பக்கத்து வீட்டில் மட்டும் சொன்னார். இரண்டு நாளில் எட்டு வீடும் அவர் முற்றத்தில் நின்றது. என்ர பிள்ளையையும் கண்டவனோ எண்டு கேளுங்கோ என்று ஆளுக்கொரு படம். அக்கா மறுக்காமல் ஒவ்வொரு படமாக அந்த இலக்கத்துக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. “ஓம் அம்மா, கண்டனான். அவனும் இஞ்சதான்.” எட்டுப் படத்துக்கும் அதே பதில். எட்டுக்கும் ஆம் என்று வந்ததை ஒருவரும் விநோதமாக நினைக்கவில்லை, நானும்தான்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா சத்தத்தைக் கூட்டிவிடச் சொல்லி வந்தார். பிள்ளையின் குரல் சரியாகக் கேட்கவில்லையாம். அன்று காலையில் வந்த பதிவைப் போட்டுக் காட்டினார். வீட்டைப் பற்றி, கோவிலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்த குரல், நடுவில் கேட்டது:

“பிஸ்கட் எப்பிடி அம்மா இருக்குது? உயிரோட இருக்குதோ?”

அக்கா சிரித்தார். “பாருங்கோ தம்பி, எங்கட வீட்டில நாயோ பூனையோ வளர்க்கேல்ல. இவன் வேற ஆற்றயோ வீட்டு நாயை நினைச்சுக்கொண்டிருக்கிறான். எத்தினை வருசம், பாவம், மறந்துபோனான்.”

பிஸ்கட் அப்போது எங்கள் வீட்டு மாமரத்தின் கீழே படுத்துக்கிடந்திருக்கும். பிறந்து ஒரு வருடமும் ஆகாத நாய். அந்தப் பெயர் உலகத்தில் இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று என் வீடு. மற்றது நான் நிரப்பிய அந்தப் படிவம்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஓம் அக்கா, மறந்திருப்பான்,” என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

அவர் போனதும் கொம்பியூட்டரில் இருந்தேன். அந்தப் பக்கத்தை மறுபடி தேடினேன். நான் தடயமில்லாமல் பார்த்திருந்தேன் அல்லவா, ஒரு தடயமும் இல்லை. என்னை ஒளிக்க நான் செய்த கெட்டித்தனம், கடைசியில் அவர்களைத்தான் ஒளித்திருந்தது. நானும் அந்தக் குறூப்பில் இருந்ததால், என் தொலைபேசியில் அதைத் திறந்து பழைய இணைப்பைக் கண்டுபிடித்துத் தட்டினால், பக்கம் திறக்கவில்லை. அப்போதுதான் அந்த முகவரியை முதற்தடவையாக முழுதாக வாசித்தேன். தொடக்கத்தில் அமைப்பின் பெயர் அழகாக இருந்தது. ஆனால் ஓர் இணையத்தளம் யாருடையது என்பதைச் சொல்லும் பகுதி அதற்குப் பின்னால், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் வரும். அங்கே அந்த அமைப்போடு சம்பந்தமே இல்லாத ஏதோ எழுத்துக்கள் இருந்தன. பூட்டுப் படம் என்பது போகிற வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். கடிதத்தை நன்றாக ஒட்டித்தான் அனுப்பியிருந்தேன், கள்ளனுடைய விலாசத்துக்கு. அமைப்பின் உண்மையான பக்கத்தை நானாகத் தேடிப் போய்ப் பார்த்தேன். பட்டியலும் இல்லை, படிவமும் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் சொல்லவில்லை. என் கடையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் இருந்ததாகச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

புதன்கிழமை அக்கா மறுபடி வந்தார். கோவையை மேசையில் வைத்தார்.

“எல்லாத்திலயும் ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ தம்பி. ஒறிஜினலைக் கையோட கொண்டுவரட்டாம். நாளைக்குக் காலமை ரயிலில நானும் மகளும் கொழும்புக்குப் போறம். இறங்கினவுடன கோல் எடுக்கட்டாம். ஆரோ வந்து கூட்டிக்கொண்டு போவினமாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம், உங்களுக்கெண்டபடியால் சொல்லுறன்.”

நான் கொப்பி எடுத்தேன். இருபத்தேழு தாள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து, மூடி, பொத்தானை அழுத்தி எடுத்தேன். அடுக்கிக் கையில் கொடுத்தேன்.

அன்றிரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மகளுக்கு இருபத்து மூன்று வயது. கொழும்பில் இறங்கும் இரண்டு பெண்களை யார் கூட்டிக்கொண்டு போவார்கள், எங்கே, எதற்கு?

வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்டேசனுக்குப் போனேன். இருவரும் மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நல்ல சேலை உடுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். மடியில் ஒரு பை. என்னைக் கண்டதும் வழியனுப்ப வந்ததாக நினைத்துச் சந்தோசப்பட்டார். பையைத் திறந்து காட்டினார். பயத்தம் பணியாரம். கீழே ஒரு புதுச் சேர்ட்.

“அளவு தெரியேல்ல தம்பி. முப்பது வயசு தாண்டின ஆம்பிளைக்கு எண்டு சொல்லி வாங்கினன். பெருத்திருப்பானோ, இளைச்சிருப்பானோ.”

நான் நிலத்தில் குந்திவிட்டேன். நின்றுகொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. பிஸ்கட் என்ற பெயரைப் போட்டது நான் என்றேன். அது என் வீட்டு நாய் என்றேன். அந்தக் கேள்வி எங்கே வந்தது, நான் ஏன் பொய்யாக நிரப்பினேன், திங்கட்கிழமையே எனக்குத் தெரிந்தது, நேற்றும் தெரிந்துகொண்டுதான் கொப்பி எடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ரயில் போனது.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“அப்ப மற்றது எல்லாம் அவன் சொன்னதோ, நீர் எழுதினதோ?”

“நான் எழுதினதுதான் அக்கா.”

அவர் பையின் வாயை முடிந்தார். எழுந்தார். அதுவரை என்னை நீங்கள் என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவர், வாங்கில் இருந்தபடி நீர் என்றார். எழுந்தபிறகு அதையும் விட்டுவிட்டார்.

“எழும்பு. எட்டு வீட்டுக்கும் நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நீதான் வந்து இல்லை எண்டு சொல்லோணும்.”

மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் முன்னால் சைக்கிளில் போக நான் பின்னால் போனேன். எட்டு வீடு. சில வீட்டில் ஏசினார்கள், நல்லதாகப் போயிற்று. ஒரு வீட்டில் தகப்பன் படலையிலேயே மறித்து, கேட்டுவிட்டுப் படலையைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு தாய், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவர், முழுவதையும் கேட்டுவிட்டு விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இன்னும் நாலு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே தம்பி.”

அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். ஏசியவர்களின் வார்த்தைகளை எல்லாம் மறந்துவிட்டேன்.

முறைப்பாடு கொடுத்தோம். அந்த இலக்கம் அதற்குள் செத்துப்போயிருந்தது. காட்டுவதற்கு என்னிடம் குறூப்பில் வந்த அந்தச் செய்தியும் குரல் பதிவுகளும் மட்டும்தான் இருந்தன. யார் செய்தார்கள், அந்த இரண்டு பெண்களையும் கொழும்பில் என்ன செய்ய இருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒன்பது குடும்பங்களின் படமும் தழும்பும் செல்லப் பெயரும் இப்போது யார் கையில் இருக்கின்றன என்றும் தெரியாது. கொட்டியதை அள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் மாறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாராவது அனுப்பிய இணைப்பைத் தட்டுவதில்லை, முகவரியை நானே தேடிப் போகிறேன். கோவையோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, யார் கேட்டது, அவர்களின் அலுவலகத்தில் யாரையாவது நேரில் தெரியுமா என்பதுதான். தெரியாவிட்டால் ஒரு வரிகூட நிரப்புவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். தலைக்கனம் போய்விட்டது, வியாபாரமும் கொஞ்சம் போய்விட்டது.

அக்கா ஐந்தாறு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, ஒன்றும் நடக்காதது போல, மின்சாரக் கட்டணத் துண்டைக் கொப்பி எடுக்கத் தந்தார். இனியாவது அவரைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்து, அவருடைய தொலைபேசியை வாங்கி எல்லாவற்றையும் சரிபார்த்தேன். தெரியாத ஆட்கள் அவருடைய படத்தைப் பார்க்க முடியாமல் செய்தேன். உங்கள் இலக்கம் இப்போது கள்ளர்களிடம் இருக்கிறது, தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார்.

போன மாதம் கடையில் இருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். ஏதோ வெளிநாட்டு இலக்கம், பெயர் இல்லை. மேசையில் வைத்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் வேலையை நிறுத்திவிட்டேன். நின்றது. திரும்பவும் அடித்தது. அவருடைய கை மேசை விளிம்பு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

“எடுக்கக்கூடாது, என்ன தம்பி?” என்றார்.

“ஓம் அக்கா,” என்றேன்.

அடித்து முடியும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சொல்லிக் கொடுத்தது சரியான பாடம்தான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பிள்ளையே உண்மையாக அழைத்தால், அவனுடைய தாய் அதை எடுக்கப்போவதில்லை. அவரை அப்படிப் பழக்கியவன் நான் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கிறேன்.